இரண்டாவது ரத்தம்

எதையும் அவர் இரண்டு முறை கேட்பார். சின்னசேலம் ரயில் நிலையத்தை ஒட்டிய கடையில் டீ வாங்கியதும், "சர்க்கரை கம்மிதானே?" என்பார். "கம்மிதாங்க மேடம்" என்று மாஸ்டர் சொன்ன பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும், "கம்மிதானே?" குடித்த நாக்குக்குத் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நாக்கு ஒரு சாட்சி, மாஸ்டர் ஒரு சாட்சி. ரெண்டும் ஒத்துப்போனா குடிச்சிடலாம்," என்றார். சிரிக்கவில்லை. எட்டு மாதம் அவருடன் மலையும் அடிவாரமுமாகச் சுற்றியிருக்கிறேன். அவர் வேடிக்கையாகப் பேசுகிறாரா இல்லையா என்பதை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மரபணு ஆராய்ச்சியாளர். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலையில் ஏற முடியாது. வெள்ளிமலைப் பக்கம் அவர் 'படம் போடுற அம்மா'. கச்சிராயபாளையம் பக்கம் 'ரத்தக்கார மேடம்'. அவருடைய அப்பா சின்னசேலத்துக்குப் பக்கத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வரும்போது யாராவது, "பொண்ணு இன்னா வேலை பாக்குது?" என்று கேட்டால், "ரத்தம் படிக்குது" என்பாராம். படித்து முடித்துவிட்டதா என்று அடுத்த கேள்வி வருமாம். "எங்க முடியுது? அது முடியவே முடியாதாம்."

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவன். முப்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. அதில் வரிகள், எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பக்கூட மெனக்கெடாத வரிகள். அவருக்கு நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கத் தெரிந்த, ஊர்வழி தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை எடுத்துக்கொண்டார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கேட்டதில்லை.

சில வீடுகளில் மட்டும் காது கேளாத குழந்தைகள் ஏன் திரும்பத் திரும்பப் பிறக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. அதற்குப் பதில் ரத்தத்தில் இருக்கிறது என்பார். ஆனால் ரத்தம் எடுக்கும் நேரம் கால் மணி என்றால், கதை கேட்கும் நேரம் அரை நாள். மரபணு ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், குளிர்ந்த அறை என்று நினைத்திருந்தவன் நான். அதில் முக்கால்வாசி, பிறர் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து யார் யாருக்கு யார் பிறந்தார்கள் என்று கேட்பது.

பெரிய தாள் ஒன்றைச் சாக்கின்மேல் பரப்புவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எங்கள் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டே பென்சில் தேய்ந்துவிடும். அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவள், மாமன் மகள் எனக்குத்தான் என்று பஞ்சாயத்து வைத்து வாங்கியவர். எதற்கும் அவர் புருவம் உயராது. "சொந்தத்துல கட்டினதுதான் தப்பாங்க?" என்று கேட்பார்கள். "தப்பு, சரி எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. யாரு யாருக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, போதும்."

செத்தவர்களையும் கேட்பார். அதுவும் இரண்டு முறை. மலையில் ஓர் ஊரில், ஐந்து பிள்ளை பெற்ற அம்மாள் ஒருத்தியிடம், "தவறினது ஏதாவது?" என்றார். "இல்ல" என்றாள். வேறு நாலு விஷயம் பேசிவிட்டு, அரைமணி கழித்து மறுபடியும் அதே கேள்வி. அந்த அம்மாள் சாமைக் கதிர் காய்ந்துகொண்டிருந்த பாறையைப் பார்த்தபடி, "ஒண்ணு. மூணு நாள் இருந்துது. பேரு வெக்கல," என்றாள். தாளில் ஒரு சின்ன இடம் பிறந்தது. அந்த இடத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மேடம் அவளை அவசரப்படுத்தவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பொண்ணா, பையனா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. திரும்பும்போது அந்த அம்மாள் எங்களோடு ஜீப்வரை நடந்து வந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

மலைப்பாதையில் ஜீப் இறங்கும்போது ரத்தக் குழாய்கள் இருக்கும் ஐஸ் பெட்டியைச் சீட்டில் வைக்க விடமாட்டார். மடியில்தான். ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய, பெட்டி மட்டும் தண்ணீர்க் குடம்போல நிமிர்ந்து நிற்கும். டிரைவர், "பச்சப் புள்ளையக் கூட எங்க வூட்ல இப்பிடித் தூக்க மாட்டாங்க மேடம்," என்பார். "பச்சப் புள்ளைக்கு ஒடம்பு கெட்டுப்போச்சுன்னா அழும். இது அழாது," என்று பதில் வரும்.

அதன் பிறகு பெட்டி ரயிலேறும். ரயில் போகும் தூரத்தில் இருந்தது அவருடைய ஆய்வுக்கூடம். ஒரே ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தால் அது தண்ணீரில் மிதக்கும் பஞ்சு இழைபோல, மூக்குச்சளிபோல இருந்தது. இதற்கா இவ்வளவு என்று தோன்றியது. கணினித் திரையில் நான்கே எழுத்துகள் மாறி மாறி ஓடின. அவற்றில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த இடத்தோடு வாக்கியம் நின்றுவிடுகிறது, சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று எழுந்து போய்விட்டதைப்போல. ஒவ்வொருவரிடமும் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று நின்றுபோனாலும் மற்றது பேசி முடித்துவிடும், காது கேட்கும். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் நின்றுபோன பிரதியே வந்து சேர்ந்தால் கேட்காது. இதை அவர் எனக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம். ஊரில் சொல்ல ஒவ்வொரு தடவையும் ஒரு மத்தியானம் ஆகும்.

ஏனென்றால் ஊரில் கணக்கு வேறு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தகப்பன். மூத்த குழந்தைக்குக் காது கேளாது. மனைவி மறுபடி ஆறு மாதம். இவர்கள் இருவரிடமும் நின்றுபோன பிரதி ஒவ்வொன்று இருந்தது. பிறக்கும் பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு என்று மேடம் சொன்னதும் அந்த ஆளின் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலுல ஒண்ணுதானே? அந்த ஒண்ணு எனக்கு ஆயிடுச்சே மேடம். இனிமே மூணும் நல்லாத்தான் பொறக்கும்."

மேடம் பையிலிருந்து இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்தார். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டைகள். "ஒண்ணு உங்களுது, ஒண்ணு அவங்களுது. ரெண்டும் வெள்ளையா வுழுந்தா காது கேக்காது. போடுங்க." அவர் போட்டார். வெள்ளை, வெள்ளை. "பாத்தீங்களா, இது மூத்தது," என்றார் அவரே. அடுத்தது கறுப்பு வெள்ளை. "இது நல்லது." மூன்றாவது மறுபடியும் வெள்ளை, வெள்ளை. ஏமாற்றப்பட்டவர்போலக் கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொட்டைக்கு ஞாபகம் கிடையாதுங்க," என்றார் மேடம். "போன தடவ எப்பிடி வுழுந்தோம்னு அதுக்குத் தெரியாது."

அந்த ஆள் வெகுநேரம் போட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கொட்டைகளை மேடம் திரும்பக் கேட்கவில்லை.

அவரிடம் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. முடிவு சொல்லும்வரை எந்த வீட்டிலும் சாப்பிட மாட்டார். தண்ணீர் மட்டும். "சாப்ட்டுட்டா நல்லதா சொல்லணும்னு தோணும்." மற்றது, ஒரே ரத்தத்தை நம்பி எந்த முடிவையும் சொல்ல மாட்டார். முதல் ரத்தத்தில் என்ன வந்தாலும் இன்னொரு நாள் போய் இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் வாயைத் திறப்பார். எனக்கு இது தண்டனை. ஒரே கைக்கு இரண்டு பயணம், ஒரே வளைவுகளில் இரண்டு குமட்டல். ஊரிலும் கேலி செய்வார்கள். "போன வாரம் எடுத்த ரத்தம் தீந்துபோச்சா மேடம்?"

"தீரல. அதை நம்பல."

இனி அஞ்சலை வீடு.

கச்சிராயபாளையத்தை அடுத்து, கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஓர் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வீட்டில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கொளஞ்சி, இளையவர் குப்புசாமி. அவர்களுக்கு ஓர் அக்கா, பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவர். அந்த அக்காவுக்கு மணி என்று ஒரு மகன், செல்வி என்று ஒரு மகள். செல்விக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. இருபது வயது. மணிக்கு மாமன் கொளஞ்சியின் மகளைக் கட்டுவது என்பது குழந்தையிலேயே பேசி முடித்த உரிமை. கொளஞ்சிக்குத்தான் உறுத்தல். "அக்கா வூட்ல ஒண்ணு அப்பிடி இருக்குது. நாளைக்கு எம் பொண்ணு வயித்துலயும்..." என்று மேடத்திடம் இழுத்தார். குடும்பம் முழுவதற்கும் பரிசோதனை செய்வதாக ஏற்பாடாயிற்று.

ஒருநாள் பகல் முழுக்க அங்கே ரத்தம் எடுத்தேன். கொளஞ்சியின் மகள் வந்தாள். பெயர் கேட்டேன். "K. அஞ்சலை." மூன்று மணி வாக்கில், கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய குப்புசாமியின் மகளும் கையை நீட்டினாள். "K. அஞ்சலை." செத்துப்போன தாயின் பெயரை வைக்கும் உரிமையை அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பியும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் ஒருத்தி பாப்பா, மற்றவள் குட்டி. குழாயில் எழுதும்போது இரண்டு பேரும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரு வயது வித்தியாசம். பதிவேட்டைப் பார்த்து எண் ஒட்டும் வேலையை நான் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தேன். அன்றைக்கு வானத்தில் ஏதோ ஒரு நிறம் இருந்தது. நோட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. மணியிடம் நின்றுபோன பிரதி ஒன்று உண்டு. அவனுக்கு இரண்டு ரத்தமும் ஒத்துப்போயிற்று. கொளஞ்சி மகள் அஞ்சலையிடம் அது இல்லை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் காது கேளாத பிள்ளை பிறக்காது. சொந்தத்துக்குள் கட்டினாலும், அந்த வீட்டில் கட்டினாலும், பயமில்லை.

மேடம் அடுத்த பஸ்ஸிலேயே கச்சிராயபாளையம் வந்துவிட்டார். நான் அவரிடம் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். கொளஞ்சி கேசரி செய்யச் சொன்னார். மேடம் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாரமே பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது எனக்கு மேடத்தின் போன் வந்தது.

"அந்த வூட்ல எத்தினி அஞ்சலை?"

தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலையில் வழக்கம். அதை முதலில் செய்திருக்க வேண்டும், கடைசியில் செய்திருக்கிறார். "கொளஞ்சிக்கு அவர் பொண்ணோட ரத்தம் பொருந்தல," என்றார். உடனே அவரே, "இன்னா நெனைக்கிறீங்கன்னு தெரியுது. அவங்க அம்மாவுக்கும் பொருந்தல. பெத்தவளுக்கே பொருந்தாம புள்ள பொறக்குமா?" என்றார். "ஊரான் வூட்டுப் பொம்பளைய சந்தேகப்படறதுக்கு முன்ன நம்ம கையத்தான் சந்தேகப்படணும். எத்தினி அஞ்சலை?"

"ரெண்டு, மேடம்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்றோம். மூங்கில் கழிகள் வந்து இறங்கியிருந்தன. மணி வீட்டாரும் சீர் விஷயம் பேச வந்திருந்தார்கள். அவனுடைய அம்மா, செல்வி, மணி, பங்காளிகள் என்று வாசல் நிறைய ஆட்கள். நடுவில் தாளை விரித்தார். நடந்ததைச் சொன்னார். குழாய் மாறிவிட்டது. பயமில்லை என்று சொன்னது குப்புசாமி மகள் சின்ன அஞ்சலையின் ரத்தம். கல்யாணப் பெண்ணின் ரத்தத்தில் அது இருக்கிறது என்றுதான் தெரிகிறது. இன்றைக்குப் புதிதாக ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

"தப்பு என்னோடது," என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பார்க்காமலும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார். நான் அவர் பக்கத்தில், நரம்பு தேடுகிற விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.

கொளஞ்சி மூங்கில்மேல் உட்கார்ந்துவிட்டார். "கேசரி துன்னுட்டுப் போனியே தாயி," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மணி வீட்டுப் பங்காளிப் பெரியவர் ஒருவர்தான் முதலில் சுதாரித்தார். "இதுக்கு ஏன் ஒப்பாரி? கொறை இல்லாத அஞ்சலை ஒண்ணு இந்த வூட்லயே நிக்குதே. அதும் மொறைப் பொண்ணுதானே? பத்திரிகைல பொண்ணு பேரு கூட மாத்த வேணாம். அப்பன் பேரு மேல ஒரு சீட்டு ஒட்டிக்கினா முடிஞ்சிது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம். குப்புசாமி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மணியின் அம்மா யோசித்தார். யோசித்தது கண்ணில் தெரிந்தது. கதவோரம் நின்ற பெரிய அஞ்சலை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அடுத்த மாசம் பரீட்சை," என்றாள் சின்ன அஞ்சலை. "நான் வரலப்பா இந்த ஆட்டத்துக்கு."

"உன்ன யாருடி கேட்டா?" என்றார் குப்புசாமி.

"அதான் நானே சொல்றேன்."

"மேடம், நீங்க சொல்லுங்க," என்றார் மணியின் அம்மா. "எந்தப் பொண்ண எடுக்கலாம்?"

"அது என் வேலை இல்லைங்க. இருக்கறத சொல்லத்தான் நான்."

"மாத்திச் சொன்னப்ப மட்டும் உங்க வேலையா?"

அவர் தாளின் மூலையை நீவிவிட்டார்.

இவ்வளவு நேரமும் செல்வி சாக்கின் ஓரத்தில் குந்தித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த எல்லோருடைய வாயும் எதைப் பற்றி அசைகிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தாளில் நாற்பது ஐம்பது பேர் வெறும் கோட்டு வடிவங்களாக நின்றார்கள். ஒரே ஒரு வட்டம் மட்டும் முழுக்கப் பென்சிலால் கறுத்திருந்தது. அதில் விரலை வைத்து, பெரிய அஞ்சலையை நிமிர்ந்து பார்த்தாள். கைகள் அசைந்தன. பெரிய அஞ்சலையின் கைகளும் கதவோரத்திலிருந்து பதில் சொல்லின. பிறகு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது அவளான்னு கேக்குறா, மேடம்."

"ஆமா."

"ஏன் கிறுக்கி வெச்சிருக்கீங்கன்னு கேக்குறா."

மேடத்தின் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "காது கேக்காதவங்கள இப்பிடித்தான் போடணும்மா. எந்த ஊர்லயும் இப்பிடித்தான் போடுவாங்க."

அஞ்சலை கைகளால் சொன்னாள். செல்வி தாளை இன்னொரு முறை முழுக்கப் பார்த்தாள். சத்தமில்லாமல் சிரித்தாள். அவள் விரல்கள் வெகுநேரம் ஓடின. அஞ்சலைக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும்.

"இன்னாடி சொல்றா?" என்றார் மணியின் அம்மா.

"எல்லாரும் வெறும் வளையமாம் அத்தை. அவ ஒருத்திதான் ரொம்பி இருக்காளாம்."

மணியின் அம்மா தன் மகளைப் பார்த்தார். மருமகளாக வர இருந்தவளைப் பார்த்தார். "இம்மாம் பெரிய பேச்சு அவ பேசினாளா?"

"இதுக்கு மேல ஜாஸ்தி பேசினா. உங்க மச்சானப் பத்திக் கூட ஒண்ணு சொன்னா. நான் கம்மி பண்ணிச் சொல்றேன்."

பங்காளிப் பெரியவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்ட சோறு, தண்ணி, தூக்கம், மூணுதான் காட்டுவா," என்றார் மணியின் அம்மா மெதுவாக. "இருபது வருஷமா மூணுதான்." மூக்கைச் சிந்தினார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். "நாலுல ஒண்ணுதானே?"

"ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு."

"பொறந்தா பொறக்கட்டும். பேச ஆள் இருக்குது. நான் பெத்தப்ப இல்ல."

முடிந்தது என்று எல்லோரும் எழப் போனார்கள். மேடம் எழவில்லை. "நீங்க சொல்லிட்டீங்க. கட்டிக்கப் போறவங்கள யாரும் கேக்கலியே," என்றார்.

மணி முன்னால் வந்தான். "எனக்கு அஞ்சலைதான்."

"எந்த அஞ்சலைடா?" என்று யாரோ கேட்க, வாசல் வெடித்துச் சிரித்தது. அவன் காது சிவந்து, விரலை நீட்டிக் காட்டினான். சரியான பக்கம்தான் காட்டினான்.

பெரிய அஞ்சலை சிரிக்கவில்லை. "எனக்கு நாலு நாள் வேணும்," என்றாள். "நேத்து வரைக்கும் ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் யோசிக்கணும்." அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். இதுவும் அவர் வேலை இல்லைதான். ஆனால் செய்தார்.

அவளிடம் புதிதாக ரத்தம் எடுத்தேன். குழாயில் பெயரை மேடமே எழுதினார். கொளஞ்சி மகள், மூத்தவள், வலது புருவத்தில் தழும்பு என்பதுவரை எழுதினார். எழுதியதை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு அவளைப் படிக்கச் சொன்னார்.

நாலாம் நாள் முடிவோடு போனோம். அவளிடமும் இருக்கிறது. அஞ்சலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மேடம் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும். யோசிச்சிட்டேன்," என்றாள். "நாலு நாளும் செல்வி இங்கதான் இருந்தா. எனக்கு அவகூட இருக்கப் புடிக்குது. அப்புறம் அவரும் பரவால்ல." கொஞ்சம் தயங்கி, "பயம் இருக்குது மேடம். இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றாள்.

"இருக்கட்டும்," என்றார் மேடம். "எனக்கும் இருக்குது."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மேடம் வரவில்லை. நான் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்கு முன், அந்த நாலாம் நாள் மத்தியானம், சின்னசேலம் பிளாட்பாரத்தில் சேலம் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் பெட்டி. வெயிலில் தண்டவாளம் நெளிந்தது. என்னால் அதற்குமேல் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நம்பரை மாத்தி ஒட்டினது நான் மேடம். நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"நீங்க ஒட்டினதுதான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்? என்னைக் காப்பாத்தவா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை அளந்தார் என்று தோன்றியது. "உங்களையா? இல்லைங்க. அந்த நெனப்பே எனக்கு வரல." பெட்டியின் மூடியை அழுத்திப் பார்த்தார். "மணிக்கு இருக்குதுன்னு வந்தப்ப ரெண்டாவது ரத்தம் எடுத்தேன். அந்த மலைக்காரருக்கு எடுத்தேன். இந்தப் பொண்ணுக்கு எடுக்கல. ஏன் எடுக்கல?"

நான் யோசித்தேன். அன்றைக்கு அது எனக்கும் தோன்றவே இல்லை. ஒரு பயணம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

"நல்ல சேதிங்க," என்றார். "கெட்ட சேதியா வந்திருந்தா மூணு தடவ பாத்திருப்பேன். நல்லதா வரணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். வந்துது. எடுத்துக்கினு ஓடிட்டேன்."

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐந்து மாதம் வேலை நின்றது. நடந்ததை அவரே அவருடைய ஆய்வுக்கூடத்தின் மேல்குழுவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார், யாரும் கேட்காமலேயே. அவர்கள் விசாரித்தார்கள். அதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பின்னாளில் அவரும் வேறு எங்கோ மாற்றலாகிப் போனதாகக் கேள்வி. விசாரணைக்காக என்னையும் ஒருநாள் கூப்பிட்டு, அவர் எழுதியதன் நகலைக் காட்டிச் சரிதானா என்று கேட்டார்கள். இரண்டு பக்கம். என் பெயர் இருந்தது, எண் மாறிய இடத்தில், ஒரே வரியில், கூட்டாமல் குறைக்காமல். அடுத்த பத்தி அவரைப் பற்றியது. அதை நான் இரண்டு முறை படித்தேன். 'கிடைத்த முடிவு ஆய்வாளரின் விருப்பத்துக்கு ஏற்றதாக இருந்தது. அதனால் மறு பரிசோதனை செய்யப்படவில்லை.'

சரிதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.